புஷ்பலீலாவும் நான் சொல்லாமல் விட்ட நாலு பேரும்

புஷ்பலீலா இறந்த செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், இன்டர்னல் மார்க்கை மாலைக்குள் அனுப்பச் சொன்ன இரண்டு தகவல்களுக்கு நடுவே வந்தது. சுசீந்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஈரலில் புற்று என்று தெரியும். பிழைக்க மாட்டாள் என்றும் தெரியும். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

அவளை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவளைப் புகழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நானும் லீலாவும் ஒரே வருடம் நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். அவள் கடற்கரைக்காரி. அப்பா மீன் பிடித்தார், அம்மா விற்றார். நான் உள்ளூர்க்காரி, மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள். அவள் என்னை ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். மனிதக் குடலில் வாழும் வைரஸ்கள் அவளுடைய ஆய்வு. வைரஸ் என்றாலே நோய் என்று பயப்படுகிறவர்களிடம், “இதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. நம்ம வயித்துல உள்ள பாக்டீரியாவத் தின்னு பிழைக்குது. நாம அதுக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்” என்பாள்.

அதில் ஒரு வகை உலகம் முழுக்க மனிதர்களின் வயிற்றில் இருக்கிறது. தன்னைப் படியெடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விடும். பிழைகள் சேரச் சேர, ஒவ்வொரு ஊரிலும் அது கொஞ்சம் வேறாகிவிடும். ஒன்றாக உண்டு குடித்து வாழ்கிறவர்களிடையே தொற்றும். கப்பலேறியும் விமானமேறியும் போகிறவர்களோடு போகும். நம் மாவட்டத்து ஆண்கள் வளைகுடாவிலிருந்து எதை வயிற்றில் கொண்டுவருகிறார்கள், அது வீட்டிலுள்ளவர்களுக்கு எவ்வளவு நாளில் வருகிறது? இதுதான் லீலாவின் கேள்வி.

அதற்கு மலம் வேண்டும். அஞ்சுகிராமத்திலிருந்து இரணியல் வரை வெள்ளைப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அஞ்சுகிராமத்தில் ஒரு கடைக்காரர், “படிச்ச பிள்ளதானே நீ? பீ பெறக்கவா வந்தே?” என்று தெருவே கேட்கக் கத்தினார். “ஆமா அண்ணாச்சி. ஒரு சின்னக் கரண்டி போதும், சிரமப்பட வேண்டாம்” என்றாள். அவர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை டப்பா தயாராக இருந்தது.

கல்லூரியில் அவளுக்கு ‘பீ மிஸ்’ என்று ஒரு பெயர் இருந்தது. மாணவிகள் வைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். வைத்தது நான். என் ஆய்வுத் திட்டம் திருப்பி அனுப்பப்பட்ட வருடம் அது. அவளுடையது ஏற்கப்பட்டிருந்தது.

இரணியல் பக்கம் ஒரு வீடு. கணவன் வளைகுடாவில். மனைவியை இங்கே சுனிதா என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. அவன் விடுப்பில் வந்திருந்தபோது மூன்று பேரும் மாதிரி கொடுத்தார்கள். சுனிதாவுக்கும் குழந்தைக்கும் ஒரே வைரஸ். கணவனுடையது வேறு கிளை. பக்கத்து வீட்டுக்காரனின் மாதிரியில் இருந்தது சுனிதாவினுடையதேதான்.

டப்பாக்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு லீலாவின் பீரோவில். பதிவு செய்ய நான் உதவியதால் எனக்கும் தெரியும். ஒரு பிற்பகல் ஆசிரியர் அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். லீலா வகுப்பில் இருந்தாள். “இரணியல்காரிக்க வயித்துல மாப்பிள்ளைக்க வைரஸ் இல்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்கதுதான் இருக்கு” என்றேன். கணவனுக்கு எந்த நாட்டில் என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நல்ல சிரிப்பு. கையெழுத்து வாங்க வந்திருந்த அலுவலகக்காரர் ஒருவரும் சிரித்தார். அவர் இரணியல்காரர் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியாது.

ஒரு வாரத்தில் அது சுனிதாவின் மாமியாரிடம் போய்விட்டது. சுனிதாவின் தலைமுடியை அறுத்து அவளை வெளியே தள்ளினார்கள். குழந்தையை வைத்துக்கொண்டார்கள். கணவனின் தம்பிமார் இருவர் கல்லூரிக்கு வந்தார்கள். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் லீலா அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “ரெண்டு வீட்டுக்கும் ஒரே கெணறு. அந்த வெள்ளத்தக் குடிச்சாலே இது வரும். பிள்ளைக்குத் தகப்பன் யாருன்னு இது சொல்லாது.”

“அதெல்லாம் கெடக்கட்டும். எங்க வீட்டுப் பேரு எப்படி வெளிய வந்துது?”

முதல்வர் யார் பேசியது என்று கேட்டார். “பதிவேடு எங்கிட்டதான் இருக்கு. பொறுப்பு எனக்குத்தான்” என்றாள். நான் அவளுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன்.

ஆய்வை நிறுத்தினார்கள். மூன்று வருட மாதிரிகளையும் அழிக்க உத்தரவு வந்தது. ஆட்டோகிளேவ் என்று ஓர் இயந்திரம், அழுத்த நீராவியில் கிருமிகளை அவித்துக் கொல்வது. அதில் அவள் கையாலேயே எல்லாவற்றையும் போடச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, பதிவேட்டில் நான் அடித்துக்கொண்டே வந்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடம் முழுக்க நாற்றம். மூக்கைப் பொத்தியபடி எழுதினேன். அவள் பொத்தவில்லை.

“அதே ஆளுககிட்ட திரும்பப் போய் வாங்கினாலும் இது கெடைக்காது மக்கா. எழுத்து மாறியிருக்கும்” என்றாள். கடைசித் தட்டை உள்ளே வைத்து மூடியை முறுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“பக்கத்து வீட்டுல அஞ்சு பேருக்கும் அதேதான் இருந்துது. கெழவனுக்கு, கெழவிக்கு, அவன் பொண்டாட்டிக்கு, பிள்ளைக்கு. நீ அவன் ஒருத்தனைத்தான் சொல்லியிருக்கே.”

ஐந்து பேர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஐந்து எண்களையும் என் கையால்தான் ஏற்றியிருந்தேன். ஐந்து பேரையும் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது.

என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று பல நாள் பயந்தேன். செய்யவில்லை. ஆனால் அதன்பின் ஒன்பது வருடம் என்னை ‘மக்கா’ என்று கூப்பிடவில்லை. “மேடம், ஹால் டிக்கெட் லிஸ்ட் வந்துதா?” அவ்வளவுதான். முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள், தேர்வுத்தாள் திருத்தினாள். நான் துறைத்தலைவி ஆனேன்.

அடக்கத்துக்கு அவள் ஊருக்குப் போனேன். மாதா கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் மணல் சூடாக இருந்தது. ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். தங்கை போல என்று நினைத்தேன். எல்லோரும் கலைந்தபின் அவளே என்னிடம் வந்தாள்.

“நான் இரணியல். லீலா மிஸ் எனக்காவ மூணு தடவ கோர்ட்டுல வந்து சொன்னாவ. அதுக்குப் பெறவுதான் பிள்ளையத் தந்தாவ. அவருக்கும் எனக்கும் தீர்ந்துபோச்சு. போன வருசம் வரைக்கும் மாசாமாசம் வந்து எங்களப் பாப்பாவ.”

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

“பேரு வெளிய போனது அவியக்க வாய் தவறித்தானாம். எத்தன வாட்டி சொல்லி அழுதிருக்காவ தெரியுமா? நான் எப்பவோ விட்டாச்சு. அவிய விடல்ல” என்றாள். பிறகு, “நீங்க மிஸ்ஸுக்க கூட்டுக்காரியா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

லீலா கடைசியில் என்னை மன்னித்தாள் என்று எழுதி முடிக்க ஆசைதான். மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவளுடைய பெட்டி, குறிப்பேடு எதுவும் என்னிடம் இல்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. என் பழி அது. செத்தபின்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

இது சுனிதாவின் கைக்கும் போகட்டும். வாய் தவறியது லீலாவுக்கு அல்ல அம்மா. பேசியது நான். எனக்கும் தவறவில்லை. சிரிக்கவைக்கத்தான் சொன்னேன்.