முதல் சந்தனம்

என் மகன் படித்த படிப்பு மனிதரை மாற்றுமா என்று கேட்டால், மாற்றும் என்றுதான் சொல்வேன். என்னை மாற்றியது.

எங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்ததும், முதல் கொழுந்தைச் சுமங்கலிதான் கிள்ள வேண்டும். கணவர் போன பிறகு துளிர்த்த அந்த மலைச்சரிவில் நான் கடைசி ஆளாகத்தான் இறங்குவேன். யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. நானேதான் நின்றேன். ஒழுங்கானவள் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

மகன் கோலாலம்பூரில் தத்துவம் படித்தான். லீவுக்கு வந்தவன் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"யாரும்மா உன்னைத் தள்ளி நிக்கச் சொன்னது?"

"பெரியவங்க வச்ச முறைடா."

"அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே! இன்னைக்கு நிக்கிறது உன் காலு. மனுசன் எதையும் எழுதிக்கிட்டுப் பொறக்கலம்மா. அவன் என்ன செய்யறானோ அதுதான் அவன். முறைன்னு சொல்றது ஒளிஞ்சுக்கிற இடம் லா."

அதற்கு இருத்தலியம் என்று பெயர் சொன்னான். நான் மூன்றாம் வகுப்பு. பெயர் வாயில் நுழைய நாளானது. சொன்னது உடனே உள்ளே இறங்கிவிட்டது. கூடை சுமக்கும்போதெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன். அடுத்த முறை முதல் ஆளாக இறங்கிக் கொழுந்து கிள்ளினேன். கங்காணி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

போன வருடம் அவனுக்குக் கம்போங் ராஜா மண்டபத்தில் கல்யாணம். நலங்கில் பெற்றவள் கையால் முதல் சந்தனம் பூச வேண்டும் என்று எனக்கு ஆசை. கிண்ணத்தை எடுத்தேன்.

என் கணவரின் தங்கை எல்லார் காதிலும் விழச் சொன்னாள். "அண்ணிக்கு டவுன் காத்து அடிச்சிருச்சு லா!"

நாற்காலியில் இருந்த மகன் என் பக்கம் சாய்ந்தான். "இன்னைக்கு மட்டும் அத்தை பூசட்டும்மா. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறாங்க."

"இது யார் எடுத்த முடிவுடா?"

"சூழ்நிலை அப்படிம்மா."

"ஒளிய நல்ல இடமாப் பாத்து வச்சிருக்க."

பூசினேன். இரண்டு கன்னத்திலும், அவசரப்படாமல்.

நாத்தனார் என்னைத் தாண்டி வந்து, ஒரு கன்னத்தில் நான் பூசிய சந்தனத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு தன் கையால் புதிதாகப் பூசினாள்.

அந்தக் கன்னம் முடிந்ததும், அவள் கேட்காமலே, அவன் மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தான்.