கஜேந்தினி தொட்டால் நோகாது

கௌசலா தாதியாகப் போகிறாள் என்பது ஸ்கந்தபுரத்தில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், பெறுபேறும் போதுமான அளவு வந்திருந்தது. ஆனால் நோயாளிகளை நினைத்து அவள் அந்த முடிவுக்கு வரவில்லை. பெரியப்பாவின் மகள் கஜேந்தினியை நினைத்துத்தான் வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கௌசலாதான் கெட்டிக்காரி. ஒரு வயது மூத்த கஜேந்தினி நடுத்தரம். ஆனால் தாதியர் பயிற்சிக்குப் போனதிலிருந்து கஜேந்தினியின் மதிப்பே வேறாகிவிட்டது. விடுமுறைக்கு வந்து பஸ்ஸால் இறங்கும்போதே யாராவது மறித்து பிரஷர் குளிசையைப் பற்றிக் கேட்பார்கள். கலியாண வீடுகளில் முன்வரிசைக் கதிரை அவளுக்குத்தான். தாதியரைக் கூப்பிடுவதுபோல "எங்கட மிஸ் வந்திட்டா" என்று கௌசலாவின் அப்பா ராஜரத்தினமே சொல்லுவார். கேட்கக் கேட்கக் கௌசலாவுக்கு வயிறு எரியும்.

அந்த மாரியில் அவளுடைய அம்மா சிவலட்சுமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை செய்து படுக்க வைத்த வார்ட்டில்தான் கஜேந்தினி பயிற்சியில் இருந்தாள். துணைக்கு நிற்கப் போன கௌசலாவுக்கு, அம்மாவின் நோவையும் மீறி, உள்ளுக்குள் ஒரு உசார் வந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, தான் குறைந்தவளில்லை என்று காட்டிவிடலாம்.

அவள் அருவருப்புப் பார்க்கவில்லை. அம்மாவைத் துடைத்தாள், மலம் எடுத்தாள், புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலை முடியும்போதும் அவளுடைய கண் தானாகவே கதவடிக்குப் போகும். வார்ட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ் பார்த்தாவா? யாராவது ஒரு சொல் சொல்லுவார்களா?

ஒரு பின்னேரம் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பப் போனாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நீ விடு பிள்ளை. கஜேந்தினி வரட்டும். அவள் தொட்டா நோகாது."

கௌசலா கையை எடுத்தாள். பெற்ற தாயே சொல்லிவிட்டாள். கௌசலா சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் அன்னபாக்கியம் என்றொரு அம்மா இருந்தா. வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏசுகிற வாய். அன்று கஜேந்தினி கட்டு மாற்றப் போனதும் அந்த அம்மா, "உனக்குக் கையோ, மண்வெட்டியோ" என்று கத்தினா. கஜேந்தினி திரையை இழுத்து மூடினாள். அக்காவின் பொறுமையெல்லாம் ஆட்கள் பார்க்கச் செய்கிற நடிப்பு, திரைக்குள் அது நின்றுவிடும் என்று கௌசலா காத்திருந்தாள். திரையில் இருந்த இடைவெளியால் பார்த்துக்கொண்டும் நின்றாள்.

"ஓமம்மா, மண்வெட்டிதான். கொஞ்சம் அங்காலை சரியுங்கோ. இப்ப எப்பிடி?"

திரைக்கு உள்ளேயும் அதே குரல், அதே முகம். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. கௌசலாவுக்கு அதுதான் சுட்டது. மதிப்பைத் தானும் பயிற்சி முடித்து வாங்கிவிடலாம். இதை எங்கே போய் வாங்குவது?

தேத்தண்ணிக் கடையில் அவள் கேட்டாள். "அக்கா, அந்த மனிசி அப்பிடி ஏச உங்களுக்குக் கோபம் வரேல்லையோ?"

"அதுக்கு நோகுது, ஏசுது." கஜேந்தினி வடையைப் பிய்த்தாள். "வீட்டை எண்டால் எனக்குச் சரியான கோபம் வரும். என்ர உடுப்பையே அம்மாதான் தோய்க்கிறவா. இங்க வந்தா என்னவோ தெரியேல்லை, எல்லாம் பிடிச்சிருக்கு. ஏன், நீயும் வாறியோ?"

"நான் வந்தால் உங்களைப் பாத்துக்கொண்டுதான் நிப்பன்" என்றாள் கௌசலா. கஜேந்தினி அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கௌசலா அப்பாவிடம் சொன்னாள். "நான் நேர்சிங்குக்குப் போகேல்லை அப்பா."

"ஏன், கஜேந்தினியால ஏலுமெண்டா உன்னால ஏலாதோ?"

"ஏலும். அதுக்காண்டித்தான் போகப் பாத்தனான். அது சரிவராது."

ராஜரத்தினம் சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மா, "பிள்ளை பயந்திட்டுது போல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. அதையும் கௌசலா விழுங்கினாள். பிறகு வவுனியாவில் விவசாயம் படித்து, இப்போது செட்டிகுளம் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறாள். புழு தின்ற சோளத்தை முகத்துக்கு நேரே நீட்டி கமக்காரர்கள் அவளையும் ஏசுகிறார்கள். அவள் குனிந்து இலையைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

ஆனால் போன கிழமை அம்மாவின் கால் வீங்கியது. பக்கத்தில் மகள் இருக்க, அம்மா போனை எடுத்துக் கஜேந்தினிக்குத்தான் அடித்தாள். இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்துச் சிரித்தார்கள். வயலுக்குப் போக இன்னும் நேரம் இருந்தும் கௌசலா ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள்.