தறியில் கட்டிய தூளி

ஆம்பூரில் நந்தகோபாலைப் போலப் பேசி ஜெயித்தவனும் கிடையாது, பேசிவிட்டு அவதிப்பட்டவனும் கிடையாது. குடியாத்தத்திலிருந்து தறியோடு குடிவந்த லுங்கி நெசவாளி. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. கல்யாணமாகி ஏழு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகுதான் பூங்காவனம் பிறந்தாள். அன்றிலிருந்து அவன் பேச்செல்லாம் மகளைப் பற்றித்தான்.

மனைவி கமலவேணிக்குத் தோல் கம்பெனியில் தோலைக் காயப்போட்டு அடுக்கும் வேலை. குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். பெண்கள் அதிகம் வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. கம்பெனியாரும் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரோக்கியமேரியை வைத்திருந்தார்கள்.

"தோல் நாத்தத்துல யாரோ மடியில எம் பொண்ண உடுவியா? பெத்தவங்க இருக்கறப்ப புள்ள ஊட்லதான் இருக்கணும்!" என்று நந்தகோபால் தெருவே கேட்கக் கத்தினான்.

தெரு சும்மா இருக்குமா? குழாயடியில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. எதிர்வீட்டு நசீமுன்னிசா மட்டும், "நான் ஊட்லதான் கீறேன். புள்ளைங்களயா பாக்கறேன்? அடுப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

கமலவேணி சண்டை போடவில்லை. "நீயும் ஊட்லதானய்யா இருக்க? நீயே பாத்துக்க" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் பாவி! ஆனாலும் மீசையை முறுக்கினான். "பாத்துக்கறேன்டி. இன்னா, கலெக்டர் வேலையா? முடியலன்னா நானே தூக்கிக்கினு போய் அந்த ரூம்ல உட்டுட்டு வர்றேன்."

முதல் நாள் பூங்காவனம் தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலைப் பிடித்துத் தொங்கினாள். இரண்டாம் நாள் நூல் சுற்றிய தார்களைக் கஞ்சிச் சட்டியில் போட்டுக் கலக்கினாள். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. தறியின் மிதியிலிருந்து தூளிக்கு ஒரு கயிறு கட்டினான். காலால் மிதித்தால் லுங்கியும் வளரும், தூளியும் ஆடும். குழந்தை தூங்கிப்போனாள். தெருவில் அவன் பெருமையைக் கேட்கவா வேண்டும்!

கஷ்டம் அதற்கப்புறம்தான். தறி நின்றால் தூளி நிற்கும். தூளி நின்றால் அலறல். இழை அறுந்தால் முடிபோட நிறுத்த முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது. அறுந்தது அறுந்தபடி இருக்க, அவன் பாட்டுக்கு நெய்துகொண்டே இருந்தான்.

எட்டாம் நாள், நூல் கொடுத்துத் துணி வாங்குகிற கோதண்டராமன் ஒரு லுங்கியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாப்பா இது? லுங்கி கேட்டா கொசுவலை குடுக்கற? இதக் கட்டிக்கினு எவனாச்சும் ரோட்ல போனா போலீஸ் புடிச்சிக்கும். இன்னொரு தபா இப்படி வந்துச்சுன்னா உனக்கு நூல் கெடையாது."

மறுநாள் காலை, சொன்ன சொல்லுக்காக அவனே மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மனசுக்குள் ஒரே ஒரு நம்பிக்கை: அப்பாவை விட்டுப் பிரிந்ததும் வீல் என்று கத்துவாள், கம்பெனியே கூடும், திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். பூங்காவனமோ ஆரோக்கியமேரியின் கைக்குத் தாவினாள். உள்ளே நாலு பிள்ளைகளைப் பார்த்ததும் கீழே இறங்கித் தவழ்ந்து போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் போகாமல் ஜன்னலோரம் நின்றான். பால் கொடுக்க வந்த கமலவேணி பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னாய்யா, இன்னும் போவலியா?"

"அழுவறாளா?"

"இல்லய்யா. சிரிச்சிக்கினு கீறா."

"கொஞ்சங்கூடவா அழுவல?"

பெற்ற மனம் பித்து என்று சொன்னது தாய்க்கு மட்டுமா? ஏழு வருஷம் காத்துப் பெற்றவள் அரை நாளில் தன்னை மறந்துவிட்டாளே என்று அவனுக்கு ஒரே ஆற்றாமை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான். சத்தம் கேட்டு ஆரோக்கியமேரி ஜன்னலுக்கு வந்தாள்.

"யம்மா, நானும் உள்ள ஒரு ஓரமா குந்திக்கட்டுமா?" என்று கேட்டான்.

அவள் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள்.

"ஆறு வயசுக்குள்ள இருந்தாத்தான் சேக்கலாம்ணே. சட்டத்துல அப்படித்தான் போட்டிருக்கு."