டென்ஷன் ஆர்டிஸ்

ஆர்டிஸ் க்வாம் அந்த ஏலத்துக்குப் போனது ஒரு பெரிய குளிர்ப்பெட்டி வாங்கத்தான். பண்ணையை விற்றுவிட்டு வெயில் உள்ள ஊராகப் பார்த்துக் குடிபோகிற ஒரு குடும்பம், டிராக்டரிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்வரை எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி வைத்திருந்தது. குளிர்ப்பெட்டியை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வந்ததுதான் வந்தோம் என்று அவள் நின்றுகொண்டிருந்தபோது, கொட்டகை மூலையிலிருந்து ஐந்து மரப்பெட்டிகளை இழுத்து வந்து போட்டார்கள். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்று அதற்குள் பாதி கட்டிய நிலையில் கிடந்தது. சிறகுகள் தனி, வால் தனி, காபிக் கறை படிந்த வரைபடக் கட்டு தனி. கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. ஆர்டிஸ் தூக்கினாள்.

வட மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். அப்போது வயது நாற்பத்தாறு. அதுவரை விமானத்தில் ஏறியது மொத்தம் இரண்டே முறை. வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கியபோது அவள் கணவன் லைல், குளிர்ப்பெட்டியை ஏன் ஐந்து துண்டாகக் கொடுத்தார்கள் என்று கேட்டான். விஷயம் தெரிந்ததும் போய், கார்க் கொட்டகையிலிருந்த தன் மீன்பிடிப் படகை வெளியே தள்ளிவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தான். பனியில் அந்தப் படகு ஒன்பது வருஷம் கிடந்தது. விமானம் கட்டி முடிய அத்தனை வருஷம் பிடித்தது. அதற்குள் அவள் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

ரிவெட் ஆணி அடிப்பதும் தகடு வளைப்பதும் அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டன. அவளைப் படாத பாடு படுத்தியது கேபிள்தான். விமானி பிடிக்கும் கோலிலிருந்து வால்வரைக்கும் எஃகுக் கேபிள்கள் கப்பிகள் மேல் ஓடுகின்றன. கோலை இழுத்தால் கேபிள் இழுக்கும், கேபிள் இழுத்தால் வாலிலுள்ள தட்டு ஏறும். நடுவில் டர்ன்பக்கிள் என்று ஒரு பித்தளைக் குழல். அதைத் திருகினால் கேபிள் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். ஜூலை மாத வெயிலில், இறுக்கமாக இருந்தால்தானே நல்லது என்று அவள் எல்லாவற்றையும் கிதார்த் தந்தி மாதிரி முறுக்கி வைத்தாள். கோல் அசைய மாட்டேன் என்றது. கப்பிகள் முனகின. வரைபடக் கட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை கண்ணில் பட்டது. இன்ன வெப்பநிலையில் இத்தனை இழுவிசை என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது.

அன்றைக்குத் தளர்த்தியவள் ஜனவரியில் கொட்டகைக் கதவைத் திறந்து பார்த்தால், அதே கேபிள்கள் துணி உலர்த்தும் கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. குளிரில் அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். விமானத்தின் உடம்பு சுருங்கும் அளவுக்குக் கேபிள் சுருங்காது. உடம்பு சுருங்கினால் உள்ளே ஓடும் கேபிள் தொளதொளவென்று ஆகிவிடும். இது புரிந்த நாளில் அவள் இழுவிசை பார்க்கும் கருவி ஒன்றை வரவழைத்தாள். கேபிளில் கவ்வி வைத்தால் முள் எண்ணைக் காட்டும். அதோடு ஒரு வெப்பமானியும் நோட்டுப் புத்தகமும். அதற்குப் பிறகு ஆர்டிஸை யாரும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை என்று சொன்னால் அது பொய். அவள்தான் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

ஏரிக்கரையில் புல்தரை ஓடுபாதை ஒன்றும், அதைச் சுற்றி வீட்டில் கட்டிய விமானங்களை வைத்திருக்கும் பதினேழு பேர் கொண்ட சங்கம் ஒன்றும் இருந்தன. யார் விமானம் நின்றாலும் ஆர்டிஸ் கருவியோடு போய் நிற்பாள். கேபிளின் மேல் பழைய பனியனை வைத்து முழு நீளத்துக்கும் துடைத்துக்கொண்டே போவாள். அறுந்த இழை இருந்தால் துணி அங்கே மாட்டும். கையால் தடவக் கூடாது, விரல் கிழியும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள். கப்பி சுழல்கிறதா, ஒரே இடத்தில் நின்று தேய்கிறதா என்று பார்ப்பாள். இழுவிசைக்கு ஆங்கிலத்தில் டென்ஷன் என்பதால் சங்கத்தில் அவளுக்கு டென்ஷன் ஆர்டிஸ் என்று பெயர் விழுந்தது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. தலைவர் நோர்பர்ட் சொப்சாக் வைத்த பெயர் அது.

நோர்பர்ட்டுக்கு எழுபத்தொரு வயது. பதினாலு வருஷம் உழைத்துத் தன் விமானத்தைக் கட்டி, இருபத்திரண்டு வருஷமாகப் பறந்துகொண்டிருப்பவர். வீட்டை ஒட்டி இருந்த அவர் விமானக் கொட்டகையில் குளிர்காலம் முழுக்கக் கணப்பு எரியும். வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே சுகமாக இருக்கும் என்று அவர் மனைவி வாண்டாவே குறைப்படுவாள். ஆர்டிஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தால், என் கேபிளுக்கு ஒரு வியாதியும் இல்லை, வேறு வீடு பார் என்று அனுப்பிவிடுவார்.

ஒவ்வொரு பிப்ரவரியும் சங்கம் உறைந்த ஏரியின் மேல் ஒரு விருந்து வைக்கும். பனிச்சறுக்குக் கட்டைகள் பூட்டிய விமானங்கள் சுற்று வட்டாரத்திலிருந்து வந்து பனிக்கட்டி மேல் இறங்கும். கூடாரத்தில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரமான சில்லிக் குழம்பு பெரிய பானைகளில் கொதிக்கும். அந்த வருஷம் பனிக்கட்டி மூன்றடி கனம். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்தார் சின்னப் பேருந்து ஒன்றை இரவல் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டும் பொறுப்பு ஆர்டிஸுடையது. அதனால் அவள் தன் விமானத்தை வெள்ளிக்கிழமையே ஓட்டி வந்து ஏரியில் கட்டி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில், ஆனால் மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். சாப்பாடு முடிந்து, மூன்றாவது சுற்று ஆட்களைக் கூட்டி வந்து இறக்கிவிட்டு, ஆர்டிஸ் நிறுத்தியிருந்த விமானங்களின் பின்பக்கமாக நடந்து வந்தாள். நோர்பர்ட்டின் விமானத்து வாலில் ஏறியிறங்கும் தட்டு, காற்று அடிக்கும்போதெல்லாம் டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். கோலை இருக்கைப் பட்டையால் இறுகக் கட்டித்தான் வைத்திருந்தார். கோல் அசையவில்லை. தட்டு மட்டும் மூன்று விரற்கடை அசைந்தது.

நோர்பர்ட் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறார்.

"கேபிள் தொளதொளன்னு இருக்கு. இப்ப பறக்காதீங்க," என்றாள் ஆர்டிஸ்.

"காலைல இதுலதான் வந்தேன். விழுந்தேனா?"

"கணப்புல இருக்கறப்ப இறுக்கி வச்சிருப்பீங்க. இங்க வந்து நாலு மணி நேரமா குளிர்ல நிக்குதே."

"ஏம்மா, இருபத்திரண்டு வருஷமா குளிர்ல பறக்கறேன். நீ பஸ் ஓட்டற வேலையைப் பாரு. சாப்பிட்ட குழம்பு செரிக்கறதுக்கு முன்னாடி நான் வீட்டுல இருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, டென்ஷனுக்கு டென்ஷன் ஏறிவிட்டது என்றார்கள். நோர்பர்ட் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஆர்டிஸ் நேராகப் போய்ப் பேருந்தில் ஏறினாள். மஞ்சள் பேருந்து மெதுவாக உருண்டு வந்து, அவர் விமானத்துக்குப் பத்தடி முன்னால், ஓடும் வழியை அடைத்து நின்றது. தலைக்கு மேல் சிவப்பு விளக்குகள் மாறிமாறி மினுக்கின. பக்கவாட்டில் மடங்கிக் கிடந்த 'நில்' பலகை விரிந்து நீட்டிக்கொண்டது. அந்தப் பலகை விரிந்தால் எந்த வண்டியும் தாண்டக் கூடாது என்பது அந்த மாநிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

ஏரி முழுக்கச் சிரிப்பு. நோர்பர்ட்டின் முகம் குளிரையும் மீறிச் சிவந்தது. பேருந்தை எடுக்கச் சொன்னார். அவள் ஜன்னலைத் திறந்து, ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், ஒன்றும் இல்லையென்றால் உங்கள் விமானத்தை நானே தள்ளிவிடுகிறேன் என்றாள். கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது வாண்டாதான். குழம்புக் கிண்ணத்தோடு கூடாரத்து வாசலில் நின்றபடி, "நீ அந்தப் பலகையைத் தாண்டினா போலீஸுக்கு நானே போன் பண்ணுவேன்," என்றாள்.

இருக்கைக்குப் பின்னாலிருந்த மூடியை நோர்பர்ட் கழற்றினார். பனியனை ஆர்டிஸ் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அவரிடமே கொடுத்தாள். அவர் அலட்சியமாகத்தான் துடைத்துக்கொண்டு போனார். மூன்றாவது கப்பியின் பக்கத்தில் துணி நின்றுவிட்டது. இழுத்தார். வரவில்லை. விளக்கடித்துப் பார்த்தார். தளர்ந்த கேபிள் கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவி விளிம்பின் மேல் ஏறி, கேபிள் வெளியேறாமல் தடுக்கும் காவல் ஆணியில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நூற்று முப்பத்து மூன்று மெல்லிய இழைகள் சேர்ந்த கேபிள் அது. பதினோரு இழைகள் அறுந்து முள் மாதிரி நின்றன. ஒரு குளிர்காலத்தில் ஆகிற தேய்மானம் இல்லை. பல குளிர்காலங்களாக நடந்திருக்கிறது. வெதுவெதுப்பான கொட்டகையில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் கேபிள் சமர்த்தாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததால் அவருக்குத் தெரியவேயில்லை.

அவர் இழைகளை இன்னொரு தடவை எண்ணிவிட்டுத் தலையை வெளியே எடுத்தபோது சிரிக்கிறவர்கள் யாரும் இல்லை. விமானத்தை மறுபடி கட்டிப் போட்டார். பிறகு ஆர்டிஸிடம் கையை நீட்டினார்.

"விளக்கைக் கொடு. உன் விமானத்தையும் பாத்துடுவோம்."

தாராளமாகப் பாருங்கள் என்று அவள் நிமிர்ந்து நின்றாள். உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, இல்லாமல் இல்லை. கேபிள் ஒவ்வொன்றும் எத்தனை டிகிரியில் எத்தனை இழுவிசை என்று நோட்டில் இருக்கிறது. கூட்டமும் பின்னாலேயே வந்தது. நோர்பர்ட் பனியில் மல்லாந்து படுத்து, வயிற்றுப்பக்க மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் துடைத்தார். கப்பிகளைச் சுழற்றினார். எல்லாம் சரி. சுக்கான் கேபிளின் டர்ன்பக்கிளுக்கு வந்ததும் நிறுத்தி, இரண்டு விரலால் அதைப் பிடித்தார். அது சுழன்றது.

சுழலக் கூடாது. இறுக்கி முடித்த பிறகு டர்ன்பக்கிள் தானாகத் திரும்பாமலிருக்க ஒரு மெல்லிய கம்பியை ஊடே விட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் யாரும் மூடியை மூடுவதில்லை. அந்தக் கம்பி அங்கே இல்லை.

ஆர்டிஸுக்கு நினைவு வந்தது. புதன்கிழமை அவள்தான் குளிருக்கு ஏற்றபடி அதை இறுக்கினாள். முடிக்கும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. பனிப்புயல் வருகிறது, பள்ளியை முன்கூட்டியே விடுகிறோம், உடனே வா என்றார்கள். மூடியைக் கையால் அமுக்கிவிட்டு ஓடினாள். மறுநாள் வந்து திருகாணிகளை இறுக்கியவள் உள்ளே பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த விமானத்தில்தான் ஏரிக்குப் பறந்து வந்தாள். வழியில் பாட்டு வேறு பாடிக்கொண்டு வந்தாள்.

அவள் சறுக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நோர்பர்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் அவளால் கருவியைக் கையில் எடுத்திருக்க முடியாது. அவர் பனியிலிருந்து எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

"கம்பி வச்சிருக்கியா, நான் கொடுக்கவா?" என்றார்.

அவரிடம் இருந்தது. அவர் விளக்குப் பிடிக்க, அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, மரத்துப்போகும் விரல்களை அடிக்கடி வாயில் ஊதிக்கொண்டு கட்டி முடித்தாள். அன்றைக்கு அவள் பறக்கவில்லை. நோர்பர்ட்டையும் வாண்டாவையும் பேருந்திலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டாள். நாற்பது மைல் தூரமும் வாண்டா பின் இருக்கையில் உட்கார்ந்து, இந்த இரண்டு பேரும் ஒருவர் கேபிளை ஒருவர் பார்க்கத் தொடங்கியது கல்யாணத்தைவிடப் பெரிய சமாச்சாரம் என்று கேலி பண்ணிக்கொண்டே வந்தாள். லைலுக்கு இரவுச் சாப்பாட்டின்போது ஆர்டிஸ் முழுக்கதையையும் சொன்னாள், தன் தப்பு உட்பட. அவன் தட்டிலிருந்து தலை நிமிராமல், பள்ளிக்கூடத்தார் இனிமேல் போன் பண்ணினால் தானே எடுத்து, ஆர்டிஸ் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் ஒரே ஒரு விதியைப் புதிதாக எழுதியது. கேபிளைத் தொட்டவர், வேறொருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை மூடியை மூடக் கூடாது. விதியை முன்மொழிந்தவர் நோர்பர்ட். வழிமொழிய ஆர்டிஸ் எழுந்தபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

புதுக் கேபிளும் கப்பியும் வந்துசேர மார்ச் முதல் வாரம் ஆயிற்று. நோர்பர்ட்டின் விமானம் அதுவரை ஏரியிலேயே நின்றது. பனிக்கட்டி இளகுவதற்குள் எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து மாட்டினார்கள். கணப்பு இல்லை, கூடாரம்கூட இல்லை. வெப்பமானியை இறக்கையின் நிழலில் வைத்து, அட்டவணையைப் பார்த்து அவள் எண்ணைச் சொல்ல, அவர் திருகினார். ஒரு தடவை அதிகமாகத் திருகிவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே அரைச்சுற்றுத் தளர்த்தினார். கம்பி கட்டியதும் ஆர்டிஸ் உள்ளே உட்கார்ந்து கோலைப் பிடித்தாள். அவர் வால்பக்கம் நின்றார்.

"பின்னாடி இழுக்கறேன்."

"தட்டு ஏறுது."

"முன்னாடி தள்ளறேன்."

"இறங்குது. கடைசி வரைக்கும் தள்ளு. ம், முட்டாம போகுது."

இடம், வலம், சுக்கான் எல்லாம் அப்படியே பார்த்தார்கள். நோர்பர்ட் பதிவேட்டில் தேதியும் குளிரும் எண்ணும் எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினார். மை உறைந்துபோய் எழுத மறுத்தது. அவள் அதைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கையெழுத்துப் போட்டாள்.

விமானம் பனியைச் சீவிக்கொண்டு ஓடி எழும்பியது. ஏரியை ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து, அவள் தலைக்கு மேல் தாழப் பறந்தபோது அவர் சிறகுகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினார். பிறகு தெற்கே திரும்பி வீட்டுக்குப் போனார். ஆர்டிஸ் சுருட்டிய பழைய கேபிளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது.