மேடம் வீட்டுச் சிலந்தி

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த அந்த வாடகை வீட்டை அம்சவள்ளி ஆறு வருடமாகப் பெருக்கித் துடைத்து வந்தாள். அவள் துடைப்பத்துக்குத் தப்பிய எட்டுக்கால் பூச்சி ஒன்றுகூட அங்கே இல்லை. 2012 தை மாதம் குடிவந்த டெல்லிக்கார மேடம், உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்த்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சித்திரையில் மேடம் இருபது நாள் மலையேறக் கிளம்பினார். சிலந்தியைப் பார்த்துக்கொள்ள வாட்ச்மேன் பெரியதம்பியைக் கேட்டார்.

"பாம்புன்னாகூட பாத்துப்பேன் மேடம். இத வேணாம்" என்று அவன் நழுவினான்.

"நான் பாத்துக்கறேன்" என்று அம்சவள்ளி முந்திக்கொண்டாள். வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டிய நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ வேலை கொடுத்திருக்கிறார்கள். ஓர் உயிரை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை.

மேடம் ஆங்கிலத்தில் எழுதிவைத்த தாளை மகள் சங்கவி படித்துச் சொன்னாள். அவள் திண்டிவனத்தில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்தாள்.

"தினம் தண்ணி மாத்தணும். வாரத்துக்கு ரெண்டு வெட்டுக்கிளி. திங்கலன்னா எடுத்துடணும். பெட்டிய வெயில்ல வெக்கக் கூடாது. தொடக் கூடாது, கீழ உழுந்தா வயிறு வெடிச்சிடுமாம்."

குடத்தைத் தொடாதே, வாசல்நடையைத் தொடாதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டவள் அம்சவள்ளி. எதிரில் இருக்கும் உயிருக்கு வலிக்கும் என்பதற்காக யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

மருந்தடித்த மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கிடையே, அவள் வெட்டுக்கிளி பிடிக்கவில்லை. அந்த மருந்தைத் தெளித்து மயங்கி விழுந்த அனுபவம் அவளுக்கு உண்டு. தரிசுப் புல்லில் தேடிப் பிடித்தாள். ஆனால் சிலந்தி எதையும் தின்னவில்லை. 'மேடத்தத் தேடுதோ?' என்று மனசு கேட்காமல், தாளில் இருந்ததை மீறி ஒரு வெட்டுக்கிளியை இரவு முழுக்க உள்ளேயே விட்டுவைத்தாள்.

மறுநாள் காலை சிலந்தி மல்லாந்து கிடந்தது. வெட்டுக்கிளி அதன் பக்கத்திலேயே தாவிக்கொண்டிருந்தது. மேடத்தின் போன் அணைந்திருந்தது.

"டிக்கெட் வாங்கிடுச்சிக்கா" என்றான் பெரியதம்பி. "ஜல்தியா கடாசிட்டு, ஓடிப்போச்சின்னு சொல்லிடு."

கரண்டியால் அதைக் குப்புறத் திருப்பப் போனாள் சங்கவி.

"இருடீ. இது செத்துச்சா இல்லியா? படிக்கிறியே, சொல்லு."

"தெரிலம்மா. நாங்க கரப்பானத்தான் அறுத்துப் பாத்தோம். உயிரோட எதையும் வெச்சிப் பாக்கல." சங்கவியின் குரல் இறங்கிவிட்டது.

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். ஆறு வருடத்தில் அவள் கூட்டித் தள்ளிய செத்த பூச்சிகள் எல்லாம் காலை இறுக்கி மடக்கிக்கொண்டு கிடக்கும். இதுவோ காலை விரித்துப் போட்டிருந்தது. முதுகுக்குக் கீழே வெள்ளையாக, மெல்லிசாக நூல் பின்னிய விரிப்பு ஒன்றும் இருந்தது.

"சாகப் போறது பாய் விரிச்சிகினா படுக்கும்?"

இடுக்கியால் வெட்டுக்கிளியை மட்டும் மெதுவாக எடுத்து வெளியே போட்டாள். பிறகு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் சிலந்தியின் உடம்பு விளிம்பில் வெடித்தது. உள்ளிருந்து ஈரமாக, வெளுப்பாக ஒன்று நெளிந்தது.

"சட்டை கழட்டுதுடீ! பாம்பு மாரி!"

ஒவ்வொரு காலாக உருவி வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. ஒரு கால் சிக்கி நின்றபோது அம்சவள்ளியின் விரல்கள் தாமாகப் பெட்டியை நோக்கி நீண்டன. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கடைசியில் அந்தக் காலும் வந்தது.

"பாவம்மா, பசிக்கும். வெட்டுக்கிளி போடலாமா?" என்றாள் சங்கவி.

"பல்லு பாரு, பால்பல்லு கணக்கா வெள்ளையா கீது. கருக்கட்டும்."

மூன்றாம் நாள் மேடமே கூப்பிட்டார். "பூச்சி நல்லா இருக்கு?"

"சட்டை மாத்திகிச்சி மேடம்."

"சட்டை? யார் சட்டை?"

சங்கவி போனை வாங்கி ஆங்கிலத்தில் திணறித் திணறி விளக்கினாள். அம்சவள்ளி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அதுக்கு மொத நாளு ராத்திரி வெட்டுக்கிளிய உள்ளயே உட்டுட்டேன். சட்டை கழட்டறப்ப அது கடிச்சிருந்தா பூச்சி செத்திருக்கும். என் தப்புதான்."

மேடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"கால் எல்லாம் இருக்கா? பாத்து சொல்லுங்க."

அம்சவள்ளி பெட்டியருகே குனிந்து வாய்விட்டு எண்ணினாள். ஒரு கால் உடம்புக்கடியில் மறைந்திருந்தது. அது நகரும்வரை பொறுத்திருந்தாள்.

"எட்டும் கீது மேடம்."