கண்ணில் படாத ‘நெக்ஸ்ட்’ பட்டன்

போன வருட மழைக்காலத்தில், அந்தமானில், போர்ட் பிளேர் டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. அண்ணனை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு அழைத்துப்போக இரண்டே நாள்தான் இருந்தது.

அண்ணன் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எழுதவும் வராது. நான் கல்யாணத்துக்கு முன் ஜங்லிகாட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் டிசைனராக இருந்தவள். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து, ஒரே தாளில் அச்சடித்து அவரிடம் கொடுத்திருந்தேன். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி, ஃபேன் என்று. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தப் படங்கள் அவருக்கு அத்துப்படி. வேறு படம் கொடுத்தால் குழம்பிப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐ.சி.யூ.வுக்குள் எங்களை விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அங்கே அவருக்கு வாய் என்றால் அந்தத் தாள்தான். நான் ஸ்கூட்டரில் வந்தபோது அது பைக்குள்ளேயே மழையில் ஊறி, மை கரைந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது.

மறுபடி அச்சடித்தால் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் படம் வரைந்த பழைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்து எப்போதோ நின்றுவிட்டது. பென் டிரைவில் ஃபைல் இருந்தது. அது அந்தப் பழைய சாஃப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும். வேறு மாதிரியும் ஒரு நகல் எடுத்து வைக்கிற புத்தி எனக்கு அன்று வரவில்லை.

காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டி. அலமாரியில் பத்திரமாக இருந்தது. புது லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை. பக்கத்து வீட்டில் சி.டி. டிரைவ் கடன் வாங்கி இணைத்தேன். ‘இந்தக் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது’ என்று வந்தது. மறுபடி போட்டேன். அதேதான். ஜங்லிகாட் கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் கேட்டால், ரொம்பப் பழசு, ஓடாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் அண்ணனின் நண்பர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இங்கேயே ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். இருவருக்கும் அதுவே பேச்சு.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“என்ன தங்கச்சி, ரொம்ப நேரமா ஒரே எரர் சத்தமா வருது?”

“ஒண்ணுமில்லண்ணே. படம் வரையற சாஃப்ட்வேர். உங்களுக்கு அது...” என்று சொல்லி, பாதியில் நிறுத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அரே, படம் வரையறது உன் வேலை. ஏத்திக் கொடுக்கறது தானே இப்ப பிரச்சினை? லேப்டாப்பை இப்படித் தள்ளு.”

நான் உடனே தள்ளவில்லை. ஃபைலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மனசே இல்லாமல்தான் நகர்த்தினேன்.

அவர் விரல்கள் விசைப்பலகையில் சின்ன மேடு வைத்த இரண்டு எழுத்துகளைத் தடவிப் பார்த்து இடம் பிடித்துக்கொண்டன. ஏதோ மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினார். லேப்டாப் வாய் திறந்து, திரையில் இருப்பதையெல்லாம் இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தது, மீன் ஏலம் போடுகிற வேகத்தில். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடந்துகொள் என்று அதற்குச் சொல்லும் இடத்தைத் தேடிப் பிடித்து மாற்றினார். “ஆபீசில எனக்குப் படிச்சுக் காட்டற சாஃப்ட்வேரும் பழசுதான். இதே ரோதனை” என்றார்.

இந்தத் தடவை சாஃப்ட்வேரை ஏற்றுகிற ஜன்னல் திரையில் திறந்தது. எனக்கு உயிர் வந்தது. மறு நிமிஷமே போனது. ஜன்னலின் அடிப்பாகம் திரைக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தது.

“அண்ணே, நெக்ஸ்ட் பட்டனே தெரியலையே!”

“எனக்கு எந்தப் பட்டன் தெரிஞ்சிருக்கு?” என்று சிரித்தார். ஒரு விசையை நாலு தரம் தட்டினார். “நெக்ஸ்ட்” என்றது லேப்டாப். என்டர். அடுத்த பக்கம். அதிலும் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சி.டி. உறையில் இருந்த நம்பரை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, ஒரு தப்பு இல்லாமல் அடித்தார். பத்து நிமிஷத்தில் என் படங்கள் திரையில் நின்றன. நான் அழுதேவிட்டேன்.

“என்னென்ன படம் இருக்கு, சொல்லு” என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“எல்லாம் உடம்பு கேக்கறது. தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்ல ஒண்ணும் இல்லையே தங்கச்சி?”

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலையே வரைந்தேன்: பெரிய அலைகளுக்கு நடுவே ஒரு சின்ன டிங்கிப் படகு, அதில் ஒரே ஒரு ஆள். புதுப் படமாயிற்றே என்று தயங்கித்தான் காட்டினேன். அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மெல்லத் தொட்டார்.

அதையும் சேர்த்து அச்சடித்த புதுத் தாளோடுதான் சென்னைக்குப் போனோம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, நர்ஸ் அந்தத் தாளோடு ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தார். “இந்தப் படகுக்கு என்னம்மா அர்த்தம்? விடாம இதையே காட்டுறாரு. வலிக்குதோன்னு ஊசி போடப் பார்த்தேன்.” சொன்னேன். அவர் டாக்டரிடம் பேசி, என்னைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அண்ணன் இப்போது தேறி வருகிறார். நண்பரிடம் எத்தனையோ முறை நன்றி சொல்லிவிட்டேன், ஆனால் லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தத் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை; யாரால் எது முடியும் என்று அவர்களைக் கேட்காமலே முடிவுகட்டத் தோன்றும்போதெல்லாம் அந்தக் கூச்சம்தான் என் வாயை மூடுகிறது.