எண்ணெய் வைக்காத மாதா

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் பதினோரு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய், ஒன்பது பேரோடு இடி வாங்கிக்கொண்டு போகலாம். ஓவியர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும், எந்தக் கம்பெனி என்று டிரைவர் கேட்டார். கார் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையில் அது நியாயமான கேள்விதான்.

அந்த ஓவியர் ஸ்டெல்லா, கார் கம்பெனியொன்றில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். இங்கே மாடியறை எடுத்து, ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் வரைகிறார். படப்பையில் புதுக் குடியிருப்புச் சிற்றாலயத்துக்கு ஒரு மாதா படம் கேட்டிருந்தார்கள். அவருடைய படம் அறையை விட்டு வெளியே போவதென்றால் இதுதான் முதல் தடவை. அன்று மதியம் கோயில் கமிட்டியிலிருந்து பார்க்க வருவார்கள்; பிடித்தால்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

“தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியளா? இந்தத் துண்டக் கட்டிக்கிட்டு உள்ள வாங்க.”

பெயிண்ட் ஷாப்பில் எண்ணெய், பவுடர், பூ, சென்ட் எதுவும் ஆகாதாம். துளி எண்ணெய் பட்டாலும் பெயிண்ட் ஒட்டாமல் குழி விழுந்துவிடுமாம். தூரிகையால் தீட்டும் படத்துக்கு இந்தக் கெடுபிடி வேண்டியதில்லை என்று அவருக்கும் தெரியும். பழகிவிட்டது என்று சிரித்தார். குளித்துவிட்டு வந்தவள் மாதிரி துண்டோடு உட்கார்ந்தேன்.

சுவர் முழுக்க அவர் வரைந்த பெண்கள். உடம்பை மூடிய வேலை உடுப்பில் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. பெயிண்ட் அடித்த காரின் மேல் விழும் டியூப்லைட் வெளிச்சம் எங்கே நெளிகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அங்கே குறை இருக்கும். மனித முகத்தையும் அந்த நெளிவிலிருந்துதான் வரையத் தொடங்குகிறாராம். மலை, அருவி என்று தேடி அலைகிற ஓவியர்களை எனக்குத் தெரியும். ஒரு ஷிஃப்டிலிருந்து இவ்வளவு அள்ளிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

திண்டுக்கல்லில் எங்கள் கோயில் மாதாவுக்குக் கிரீடமும் ரோஜா நிறக் கன்னமும் உண்டு. ஸ்டெல்லா வரைந்த மாதாவுக்கு நீல முக்காடு, இடுப்பில் குழந்தை. முக்காட்டுக்கு வெளியே முடி வறண்டு பறந்தது. கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தது.

ஒன்றரை மணிக்குக் கமிட்டியின் ரீட்டா அம்மாள் தலை நிறைய மல்லிகையோடு வந்தார். பூவைக் கழற்றிக் கதவுக் கொண்டியில் மாட்டச் சொன்னதுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. அவரும் துண்டு கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றார்.

“இன்னாம்மா, மாதாவுக்குத் தலகூட வாரல? கொஞ்சம் எண்ணெ வெச்ச மாதிரி பண்ணிக் குடு.”

ஸ்டெல்லா தூரிகைகளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

“மாத்த மாட்டேம்மா. வேண்டாம்னா சொல்லிருங்க, நானே வச்சிக்கிடுதேன்.”

ரீட்டா அம்மாள் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகப் பேசினார். அவர் மகளும் பெயிண்ட் ஷாப்பில்தான் இருக்கிறாளாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாளாம். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன் என்கிறாளே என்று இவர் தினமும் திட்டுவாராம். சொல்லி முடித்ததும், ஞாயிறு பூசைக்கு முன்னால் ஆள் அனுப்பிப் படத்தை எடுத்துக்கொள்வதாக ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

அவரும் நானும் சேர்ந்தே கிளம்பினோம். வாசலில் ரீட்டா அம்மாள் கொண்டியிலிருந்த பூவை எடுத்தார். மாதாவைப் பார்த்துவிட்டுப் பூ வைக்காமல் போய் அவருக்குப் பழக்கமில்லை. மறுபடி உள்ளே போய்ப் படத்தருகே கையை நீட்டியவர், அப்படியே நின்றார்.

“பூ வேணாம்,” என்றார். “டியூட்டில கீறாங்க.”